கோலமும் சக்கரக் குலமும்

மார்கழி மாதத்தில், புதுவையை அடுத்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் வாசல்தோறும் கோலங்களைக் காணலாம். அவற்றுள் நாற்புறமும் ஒன்றுபோல் அமைந்த புள்ளிக்கோலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசற்படியிலிருந்து பார்த்தாலும், தெருவிலிருந்து பார்த்தாலும், வலமோ இடமோ நின்று பார்த்தாலும் அது ஒரே வடிவமாகவே தோன்றுகிறது. இதற்குக் காரணம் என்ன என்று ஆராய்வது உயர்கணிதத்தின் ஒரு பெரும் பிரிவுக்கு நம்மை இட்டுச் செல்லும்.

அக்கோலத்தை ஒரு தாளில் வரைந்து, அதன்மேல் எண்ணெய் தடவிய மெல்லிய தாளை வைத்துப் படியெடுங்கள். நடுப்புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தி, மேல்தாளை மெல்லத் திருப்புங்கள். 90° திரும்பியதும் மேல்கோலம் கீழ்க்கோலத்துடன் பொருந்தும். அதுபோலவே 180°, 270° ஆகிய திருப்பங்களிலும் பொருந்தும். 360° திருப்பினால் தாள் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிடும். எனவே அதனை 0° என்றே கொள்ளலாம். ஆக, திருப்பங்கள் மொத்தம் நான்கு.

இந்நான்கையும் கூட்டிப் பார்ப்போம். 270° திருப்பி, மேலும் 180° திருப்பினால் 450° ஆகும். ஒரு முழுச் சுற்றுப் போக எஞ்சுவது 90°. எந்த இரண்டைச் சேர்த்தாலும் விடை இந்நான்கனுள் ஒன்றாகவே இருக்கும். இது அடைவுப் பண்பு. 0° எதனோடு சேர்ந்தாலும் அதனை மாற்றாது. எனவே அது சமனி உறுப்பு. 90° திருப்பியதை 270° திருப்பிச் சரிசெய்துவிடலாம். இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்மறை உண்டு. மூன்று திருப்பங்களை எவ்வாறு இணைத்துக் கூட்டினாலும் விடை மாறாது. இது சேர்ப்புப் பண்பு. இந்நான்கு பண்புகளும் உடைய அமைப்பே குலம் எனப்படும். 1832இல் தம் இருபதாம் வயதில் மறைந்த பிரெஞ்சுக் கணித மேதை கால்வா இக்கருத்துக்கு வித்திட்டார். ஆங்கிலேயரான கெய்லி 1854இல் குலத்திற்குப் பொதுவான வரையறை தர முற்பட்டார்.

நமது குலத்திற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 90° திருப்பம் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் நான்கு திருப்பங்களும் கிடைத்துவிடும். இவ்வாறு ஓர் உறுப்பிலிருந்தே முழுவதும் பிறந்தால் அது சக்கரக் குலம். அந்த உறுப்பு அதன் பிறப்பி. 180° பிறப்பியாகுமா? ஆகாது. அது 0°, 180° என இரண்டை மட்டுமே தரும்.

ஆறு முனையுள்ள நட்சத்திரக் கோலத்தைப் பாருங்கள். முனைகளுக்கு வரிசையாக 0 முதல் 5 வரை எண்ணிடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு முனை தாண்டினால் 0, 2, 4 ஆகியவற்றையே தொடலாம். மூன்று முனை தாண்டினால் 0, 3 மட்டுமே. ஐந்து முனை தாண்டினாலோ 0, 5, 4, 3, 2, 1 என ஆறையும் தொடுகிறோம்! தாண்டும் எண்ணுக்கும் 6க்கும் மீ.பொ.வ. 1 ஆனால் எல்லா முனைகளும் கிடைக்கும். இல்லையேல், 6ஐ அந்த மீ.பொ.வ.வால் வகுத்து வரும் அளவுக்கே முனைகள் கிடைக்கும். இவ்விதி எந்தச் சக்கரக் குலத்திற்கும் பொருந்தும்.

இது வெறும் விளையாட்டன்று. இரு பற்சக்கரங்கள் இணைந்து சுழல்வதாகக் கொள்வோம். சிறியதில் 15 பற்கள், பெரியதில் 60. சிறிய சக்கரத்தின் ஒரு பல்லில் சிறு பிசிறு இருக்கிறது. சிறிய சக்கரம் ஒருமுறை சுற்றும்போது பெரிய சக்கரம் 15 பற்கள் நகர்கிறது. 15, 60 ஆகியவற்றின் மீ.பொ.வ. 15. எனவே அந்தப் பழுதுபட்ட பல் பெரிய சக்கரத்தின் 60 ÷ 15 = 4 பற்களையே மீண்டும் மீண்டும் தாக்கும்; அந்நான்கும் விரைவில் தேயும். பெரிய சக்கரத்தில் 61 பற்கள் வைத்தால் மீ.பொ.வ. 1 ஆகிவிடும். 61 பற்களும் முறை வைத்துச் சுமையை ஏற்கும், தேய்மானம் பரவலாகும். வேக விகிதம் துல்லியமாக 4 ஆக இருக்கவேண்டிய இடங்களில் மட்டும் இது உதவாது. ஒரே ஒரு பல்லைக் கூட்டியதில் எவ்வளவு மாற்றம் பாருங்கள்!

கோலத்தை அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினிக்கு உணர்த்தும் இலக்கண விதிகள் பற்றி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது. பிரபவ ஆண்டில் தொடங்கி 12 ஆண்டுக்கொருமுறை நடக்கும் விழா எத்தனை ஆண்டுப் பெயர்களைச் சந்திக்கும்? ஐந்தே: பிரபவ, பிரமாதி, கர, சோபகிருது, ராட்சச. அதே விழா 7 ஆண்டுக்கொருமுறை நடந்தால்? மீ.பொ.வ. கண்டு நீங்களே விடை கூறுங்கள்.