மறவாமையும் மனவிழிப்பும்: சமயம் சாராத் தியானப் பயிற்சியின் பௌத்த வேர்கள்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் தியானப் பயிற்சியின் பௌத்த வேரைத் தேடுவோர்க்கு இரு காட்சிகள் எதிர்ப்படும். கழுகுமலைப் பாறையில் அமர்ந்த கோலத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள உருவங்கள் முதற்காட்சி. புத்தரென மயங்க இடமிருப்பினும் அவை சமணத் தீர்த்தங்கரர் உருவங்களே. மற்றொன்று, சங்கரன்கோவிலை அடுத்த வீரிருப்பில் 2020இல் திறக்கப்பட்ட உலக அமைதிக் கோபுரம். அது ஐயத்திற்கிடமின்றிப் பௌத்தச் சின்னம். எனினும் அதனை எழுப்பிய ஜப்பானிய நிப்போன்சான் மியோஹோஜி மரபினர் மேளம் கொட்டித் தாமரைச் சூத்திரத்தின் பெயரை ஓதுபவர்கள். மூச்சைக் கவனிக்கும் இன்றைய மனவிழிப்புப் பயிற்சியோ வேறு வழியில் வந்தது.

அதன் மூலம் பாலி மொழியிலுள்ள சதிபட்டான சூத்திரம். உடல், நுகர்வு, மனம், மனத்திற்படும் பொருள்கள் ஆகிய நான்கையும் நோக்கும் முறையை அது கூறுகிறது. பர்மிய மரபில் பயின்ற எஸ்.என்.கோயங்கா 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கினார். 1979இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நோயாளர்க்கான பயிற்சியைத் தொடங்கினார். பின்னர் அது எட்டு வாரப் பாடமாக நிலைபெற்றது. இருவருமே சமயப் பெயரைத் தவிர்த்தனர். ஆயின், கோயங்காவின் பத்து நாள் பயிற்சி ஐந்து சீலங்களை ஏற்பதில் தொடங்கும். மருத்துவப் பயிற்சி அவ்வாறு கோருவதில்லை.

இவ்வேறுபாட்டின் பொருளைச் சொல்லாராய்ச்சி தெளிவாக்கும். 'சதி' என்னும் பாலிச் சொல் வடமொழி ஸ்மிருதியோடு ஒப்புடையது. நினைவில் இருத்தல் என்பதே அதன் அடிப்பொருள். (தமிழில் அவ்வாறே எழுதினால் சூழ்ச்சி எனப் பொருள்பட்டுவிடும் இடர் உண்டு.) எண்வழியின் ஏழாம் உறுப்பாகிய இதனைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என வழங்குவர். கடைப்பிடி என்பதற்குப் பழைய உரைமரபு கொண்ட பொருளை மறவாமை என விளக்கம் தரும். 'விழிப்புணர்வு' என்னும் இன்றைய பெயர்ப்பினும் இது மூலத்திற்கு நெருக்கமானது. விழிப்பு இக்கணத்தோடு அமையலாம். மறவாமைக்கோ முன்னர்க் கொண்ட ஒன்று வேண்டும். பௌத்தத்தில் அது அறம்.

மணிமேகலையின் அமைப்பும் இதனையே காட்டுகிறது. நுகர்விலிருந்து வேட்கையும் வேட்கையிலிருந்து பற்றும் தோன்றும் என்னும் சார்புக் கோட்பாடு இறுதியான முப்பதாம் காதையில் இடம்பெறுகிறது. பயிற்சியாளர் இன்று உளவியலாகக் கற்பிக்கும் செய்தி பெரிதும் இதுவே. ஆனால் மணிமேகலை அமுதசுரபியைப் பெறுவது பதினோராம் காதையில். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குவது பத்தொன்பதாம் காதையில். பசி நீக்கிய பின்னரே அவள் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். இவ்வரிசை தற்செயலன்று.

மன அழுத்தத்தைத் தனிமனிதரின் அகச்சிக்கலாகச் சுருக்குவதாக மேலைநாட்டில் இப்பயிற்சியின்மேல் எழுந்துள்ள குறை, கரிசல் வட்டாரத்திற்கும் பொருந்தும். மழை பொய்த்த மானாவாரி உழவர்க்கும் தீப்பெட்டித் தொழிலாளர்க்கும் கூலியையும் கடனையும் பேசாது மூச்சை மட்டும் கற்பிப்பது, காப்பியத்தை முப்பதாம் காதையிலிருந்து படிக்கத் தொடங்குவதாகும்.