சாணிவண்டும் கருவண்டும்: பிரித்தறியும் முறை

எருக்கும்பியைக் கிளறும்போது வெளிப்படும், அல்லது இரவில் விளக்கை நாடி வரும் கரிய கொம்புவண்டு எதனையும் தென்னையை அழிக்கும் கருவண்டெனக் கொண்டு நசுக்கிவிடுவோர் உளர். காண்டாமிருக வண்டு எனவும் பெயர்பெறும் கருவண்டு அழிக்கப்படவேண்டியதே. ஆயின், அதனைப் போன்ற தோற்றமுடைய சாணிவண்டு நெல்லையோ மரக்கறிப் பயிரையோ தின்பதில்லை. மாட்டுச்சாணியை மண்ணுக்குள் சேர்த்துக் கமக்காரருக்கு உதவுவது அது. ஆகவே கொல்லுமுன் இவையிரண்டையும் பிரித்தறிதல் அவசியமாகும்.

இலங்கையில் சாணிவண்டினங்கள் பல உள. அவற்றுட் பருமனான ஓரினம் கதார்சியசு மொலொசசு எனப்படும். இந்தியா, இலங்கை முதலாகத் தென்கிழக்காசியா, தென்சீனம் வரை பரந்துள்ள இவ்வினத்தையே கருவண்டென மயங்குதல் எளிது.

அடையாளம்

இச்சாணிவண்டு ஏறக்குறைய 2½ முதல் 4 சதமமீற்றர் வரை நீளமுடையது. உடல் அகன்று திரண்டது. தலை மண்வெட்டியின் அலகைப்போல் அகன்று தட்டையாயிருக்கும். முன்கால்கள் தோண்டுவதற்கேற்ற பற்களுடையன. ஆணின் தலையில் குறுங்கொம்பொன்று உண்டு. பெண்ணில் சிறு புடைப்பு மட்டுமே காணப்படும்.

கருவண்டு 3½ முதல் 5 சதமமீற்றர் வரை நீளமுடையது. உடல் நீண்டுருண்டது, தலை சிறியது. பின்னோக்கி வளைந்த கொம்பு ஆணில் நீண்டும் பெண்ணில் குறுகியும் இருக்கும்.

கொம்பை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. முதுகில் இரு மேற்சிறகுகளும் தொடங்கும் இடத்தை நோக்குக. அங்கே சிறு முக்கோணத் தகடு தெளிவாகத் தெரிந்தால் அது கருவண்டு. இச்சாணிவண்டில் அத்தகடு வெளியே தெரியாது.

வாழிடம்

சாணிவண்டு புதுச்சாணியை நாடுவது. இரவில் வந்து, சாணியின் கீழே வளை தோண்டி, அதனை உள்ளே கொண்டுசென்று உருண்டையாக்கி முட்டையிடும். காலையில் சாணியைப் புரட்டினால் துளையையும் புதுமண்ணையும் காணலாம். மேய்ச்சற்றரை, மாட்டுப்பட்டி, மேட்டுநிலத் தோட்டம், அறுவடைக்குப்பின் மாடுகள் மேயும் வயல் ஆகியன இதற்கேற்ற இடங்கள். நீர் தேங்கிய வயலில் இதன் வளை நிலைக்காது. மழை பெய்து மண் இளகியபின் இது மிகுதியாக வெளிவரும்.

கருவண்டோ பழைய எருக்கும்பியிலும் உக்கிய தென்னங்குற்றியிலும் முட்டையிடும். அதன் வெண்ணிறப் பெரும் புழுக்கள் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். சாணிவண்டின் கூன்முதுகுப் புழு மண்ணுள்ளே சாணியுருண்டைக்குள் அடங்கி வளர்வதால், கும்பியில் அதனைக் காண்பதரிது.

பயன்

வெளியிற் கிடந்து காயும் சாணியின் நைதரசனில் ஒரு பகுதி வளியிற் கலந்து வீணாகும். வண்டு புதைக்கும் சாணி மண்ணுக்கு உரமாகின்றது. வளைகளின் வழியே நீரும் காற்றும் உட்செல்கின்றன. ஈக்களும் மாட்டின் குடற்புழுக்களும் பெருகுவது குறைகின்றது.

அவுஸ்திரேலியாவின் சாணிவண்டுகள் கங்காரு முதலியவற்றின் சிறு எச்சத்துக்கே பழகியவை. வெளியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மாடுகளின் சாணி அங்கு தரையில் தேங்கி, ஈக்கள் பெருகின. இதனால் 1968 ஆம் ஆண்டு தொடக்கம் பிறநாட்டுச் சாணிவண்டுகளைக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. நமது நிலத்திலோ அவை இயல்பாகவே உள்ளன.

செய்யவேண்டியவை

1. எருக்கும்பியை இடையிடையே கிளறி, கருவண்டின் புழுக்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். உக்கிய தென்னங்குற்றிகளை அகற்றுதல் வேண்டும்.

2. மேய்ச்சற்றரையில் புதுச்சாணியின் கீழுள்ள வண்டுகளை அவ்வாறே விட்டுவிடுதல் வேண்டும். அச்சாணியில் பூச்சிநாசினி தெளித்தலாகாது.

3. மாட்டுக்குக் கொடுக்கும் இவர்மெக்டின் என்னும் மருந்து சாணியுடன் வெளியேறி, அதிலுள்ள வண்டின் புழுக்களைக் கொல்லக்கூடியது. கால்நடை வைத்தியர் கூறினாலன்றி அதனைக் கொடுத்தலாகாது.

விளக்கருகே வண்டு விழுந்தால், முதலில் அதன் முதுகின் முக்கோணத் தகட்டைப் பார்த்தல் வேண்டும். சிறு கவனத்தாற் பகைவன் அழிவான், நண்பன் பிழைப்பான்.