உங்களுக்குத் தெரியுமா? நெல்லிக்காயின் வேதிப் பெயர்கள்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்குக் கொடுத்த நெல்லிக்கனியை அறியாத தமிழர் இல்லை. இன்றைய ஆய்வகங்கள் அதே நெல்லியின் சத்துக்குச் சூட்டிய பெயர் 'எம்ப்ளிகானின்'. அதன் வேர், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய வடமொழிச் சொல்லான 'ஆமலகம்'!

● ஆமலகம் அரபு மருத்துவர் வாயில் 'அம்லஜ்' ஆனது, லத்தீனில் 'எம்ப்ளிகா'. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதையே நெல்லியின் தாவரப் பெயரில் வைத்தார். 1990களில் இந்திய ஆய்வாளர்கள் நெல்லியின் துவர்ப்புப் பொருள்களான டானின்களுக்கு எம்ப்ளிகானின் ஏ, பி என்று பெயரிட்டார்கள்.

● நெல்லியில் உள்ள இன்னொரு பொருள் எலாஜிக் அமிலம். இந்தப் பெயர் ஒரு குறும்பு. மாசிக்காயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்து, பிராக்கோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வைத்தது. நேராகப் படித்தால் கிடைப்பது காலிக் அமிலம். அதுவும் நெல்லியில் உண்டு.

● 'நெல்லி' என்ற நம் சொல் கப்பலேறவில்லை. 'இஞ்சி' ஏறிவிட்டது! இஞ்சியின் காரத்துக்குக் காரணமான 'ஜிஞ்சரால்' என்ற பெயர் பாலி, கிரேக்கம், லத்தீன் வழியே வந்தது. அதன் மூலச்சொல் 'இஞ்சி வேர்' என்ற திராவிடச் சொல்லே என்பது மொழியியலாளர் பலரின் முடிவு.

● அதியமான் நெல்லி கொடுத்த செய்தி புறநானூற்றின் 91ஆம் பாடலில் இருக்கிறது. பாடியவர் ஔவையாரே.