மரம் இல்லாத பூமி

வறுமை இல்லை, நோய் இல்லை, வேலையற்றவர் எவருமில்லை, எங்கு சென்றாலும் ஒரே இதமான வெப்பம். இப்படியொரு பூமி கிடைத்தால் வேண்டாம் என்பீர்களா? ஆனால் அங்கே ஒரு மரங்கூடக் கிடையாது. 1972இல் டக்ளஸ் ட்ரம்புல் இயக்கிய 'சைலண்ட் ரன்னிங்' என்ற அமெரிக்கத் திரைப்படம் காட்டும் உலகம் இது.

எஞ்சிய காடுகள் சனிக்கிரகத்துக்கு அருகே மிதக்கும் விண்கப்பல்களில், பிரமாண்டமான கண்ணாடிக் கூடாரங்களுக்குள் பேணப்படுகின்றன. அவற்றை அணுகுண்டு வைத்துத் தகர்த்துவிட்டு, கப்பல்களை வர்த்தகச் சேவைக்குத் திருப்புமாறு கட்டளை வருகின்றது. தாவரவியலாளர் லோவெல் மறுக்கிறார். மறுப்போடு நிற்கவில்லை, உடனிருந்த மூவரின் உயிரும் அவர் கையால் போகிறது!

காட்டுக்காக மனிதரைக் கொன்றவரை வீரரென ஏற்க என் மனம் இடந்தரவில்லை. படமும் அவரை எளிதில் விட்டுவிடவில்லை. தனிமையும் குற்றவுணர்வும் அவரை அரிக்கின்றன.

கண்ணுக்கு விருந்தான படம். கைவிடப்பட்ட விமானந்தாங்கிக் கப்பலொன்றினுள் பெரும்பகுதியைப் படமாக்கினார்கள். குட்டி யந்திரங்களாக நடித்தவர்கள் இரு கால்களையும் இழந்தவர்கள், கைகளாலேயே நடந்தார்கள்.

பின்னர் காடு வாடுகிறது. காரணம் சூரிய ஒளி போதாமை. (தாவரவியலாளருக்கு இது பிந்தித்தான் புரிகிறதாம்!) விளக்குகளைப் பொருத்தி, கூடாரத்தைத் தனியே விண்வெளியில் மிதக்க விட்டுவிட்டு, கப்பலோடு தம்மையும் அழித்துக்கொள்கிறார். கடைசி மரங்களுக்குச் சிறு பூவாளியால் நீரூற்ற எஞ்சியிருப்பது ஒரு யந்திரம்தான்.