பெட்டி வாங்கும் முன் அளவெடு!



பாகங்களை வாங்கி, வீட்டிலேயே பொருத்திய கம்ப்யூட்டருக்கு, புது கேபினெட் வாங்கப் போகிறீர்களா? பலர் அந்த பெட்டியையே, 'சி.பி.யு.,' என்பர், அது தவறு. சி.பி.யு., என்பது உள்ளே, மதர்போர்டில் அமர்ந்திருக்கும் சிறு சில்லு. பெட்டி, அதற்கு வீடு!

வீடு பார்க்கும் முன், குடியிருப்போர் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டுமல்லவா? கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை எடுத்து விட்டு, பெரியவர்கள் துணையுடன் மதர்போர்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். நீளம், 30.5 செ.மீ., அகலம், 24.4 செ.மீ., இருந்தால், அது ஏ.டி.எக்ஸ்., வகை. இன்டெல் நிறுவனம், 1995ல் வகுத்த அளவு இது. இரு பக்கமும், 24.4 செ.மீ., என்றால், மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., வகை, 17 செ.மீ., என்றால், மினி ஐ.டி.எக்ஸ்., வகை.

பெரிய பெட்டியில், சின்ன போர்டு பொதுவாக பொருந்தும். சின்ன பெட்டியில் பெரிய போர்டு நுழையவே நுழையாது. கிராபிக்ஸ் கார்டின் நீளம், பிராசசர் மேலுள்ள கூலரின் உயரம் இரண்டையும் குறித்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. பிராசசர் வேலை செய்யும்போது சூடாகும். சூடு மிகுந்தால், தன்னைக் காத்துக் கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மிஞ்சினால், கம்ப்யூட்டர் அணைந்து விடும். சேமிக்காத பள்ளி புராஜெக்ட் போயே போச்சு!

எனவே, முன்பக்கம் வலை உள்ள பெட்டியே நல்லது. முன் விசிறி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பின் விசிறி, சூடான காற்றை வெளியே தள்ளும். தூசி வடிகட்டி, கழற்றி சுத்தம் செய்யும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வண்ண விளக்குகள் கண்ணுக்கு அழகு தான். ஆனால், சூட்டைத் தணிக்காது.

அளவு எழுதிய துண்டுச் சீட்டு, சட்டைப் பையில் இருக்கட்டும். பெட்டியின் விவரத்தோடு, அதை ஒப்பிட்டுப் பார்த்த பின், உண்டியலைத் திறக்கலாம்!