மருட்கையும் பகுத்தறிவும்

வியப்பு யாருடைய சொத்து? கோயிலை விட்டவன் வியப்பையும் விட்டவன் என்று பக்தர்கள் கருதுவதுண்டு. வியந்து நிற்பதே மூடநம்பிக்கையின் முதற்படி என்று பகுத்தறிவாளர் சிலர் கருதுவதும் உண்டு. மற்றெல்லாவற்றிலும் மாறுபடும் இவ்விரு சாராரும் இந்த ஒன்றில் மட்டும் ஒன்றுபட்டு நிற்பது வேடிக்கையே. உள்ளம் விரிந்து, தன்னை மறந்து நிற்கும் நிலையைச் சமயத்திற்கே பட்டா எழுதிக் கொடுத்துவிடுகின்றனர் இருவரும்.

மலாயாத் தமிழருக்கு இது வெறும் ஏட்டு விவாதமாக இருந்ததில்லை. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி இந்நாட்டிற்கு வந்து சுற்றுப்பயணம் செய்தார். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். சீர்திருத்தக் கருத்துகள் தோட்டங்கள் வரை பரவின. அலகு குத்துவதும் தீமிதிப்பதும் தமிழனுக்குப் பெருமை தருவன அல்ல என்று எடுத்துரைக்கப்பட்டது. அதில் நியாயம் இருந்தது. ஆனால், ஆண்டு முழுவதும் பால்மரத்தோடு மல்லாடிய தொழிலாளிக்குத் தன் சிறுமையான வாழ்வினும் பெரிய ஒன்றின் முன் நிற்கும் வாய்ப்பைத் தந்தது அந்தத் திருவிழா இரவு ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? இக்கேள்வியை இயக்கத்தார் போதிய அளவு எழுப்பவில்லை என்றே சொல்ல வேண்டும்.

விடை தேடுவோர் மேனாட்டு நூல்களுக்கு ஓடுமுன் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறந்து பார்ப்பது நன்று. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை, வைக்கிறார் தொல்காப்பியர். அது தோன்றும் களன்கள் நான்கு என்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இந்நான்கனுள் தெய்வம் இல்லை! தெய்வம் எங்கே போயிற்று என்று தேடினால், அச்சத்தின் பட்டியலில் அகப்படுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கும் அச்சத்திற்குக் காரணங்கள். வருத்தும் தெய்வமாகிய அணங்கு அஞ்சத்தக்கது. வியக்கத்தக்கதோ கண்முன் கிடக்கும் உலகம். இதைக் கொண்டு தொல்காப்பியரை நாத்திகராக்க வேண்டியதில்லை. மாயோனையும் சேயோனையும் நிலத்தெய்வங்களாகக் குறித்தவர் அவரே. வியப்பின் ஊற்றுக்கண் எது என்று ஆராய்ந்தபோது அவர் இயற்கையையே கண்டார் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

இந்த இலக்கணத்தைச் சோதித்துப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிலாங்கூரில், கோல லங்காட் மாவட்டத்துப் பந்திங் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்வோம். நகருக்குத் தெற்கே மோரிப் கடற்கரை. வற்றும் வேளையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிச் சேற்றுவெளி விரிந்து கிடக்கும். சில மணி நேரத்தில் அதே வெளி நீருக்குள் மறையும். 1945 செப்டம்பர் 9ஆம் நாள் இங்கே கரையிறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படையின் வண்டிகள் பல இச்சேற்றில் சிக்கித் திணறியது வரலாறு. வடமேற்கே அகன்றும் தென்கிழக்கே குறுகியும் இருக்கும் மலாக்கா நீரிணைக்குள் ஓதம் நுழையும்போது அதன் உயரம் கூடுகிறது. அருகிலுள்ள கிள்ளான் துறைமுகத்தில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நான்கு மீட்டருக்கு மேல் வேறுபடும் நாட்கள் உண்டு. இத்தனை நீரை அசைப்பது எது? ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் திங்களும், அதற்குத் துணையாகக் கதிரவனும். 1687இல் நியூட்டன் இதை விளக்கினார். விளக்கம் தெரிந்தவன் மோரிப்பில் நின்றால், காலடியில் ஊரும் நீரையும் தலைக்கு மேலுள்ள திங்களையும் ஒரே பொருளின் இரு முனைகளாகக் காண்பான். தொல்காப்பியர் சொன்ன பெருமை இதுவே.

சிறுமைக்கும் அங்கேயே சான்று உண்டு. அலையாத்தி மரங்களின் வேரடிச் சேற்றில் தத்தித் திரியும் சிறு மீன்கள் ஈரத்தோல் வழியாகவும் மூச்சுவிடுகின்றன. நீரை விட்டு வெளியேறியும் மீனாகவே வாழ்கின்றன. புதுமையைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. இவற்றை முதன்முறை காணும் குழந்தையின் முகமே போதும்.

ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாக மாறுவது. இதைத் தோட்டத் தமிழரைவிட நெருங்கிக் கண்டவர் யார்? 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவை 22 ரப்பர்க் கன்றுகள். பிற்காலத்தில் இந்நாட்டின் முகத்தையே மாற்றிய மரம் அது. பால் வெட்டுவோர் விடியுமுன் எழுந்தது கங்காணியின் கொடுமையால் மட்டுமன்று. இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. ஆகவே பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்து, விடியற்காலையில் பால் நன்றாகச் சுரக்கிறது. மங்கில் வடிந்த வெண்பால் அமிலம் பட்டதும் உறைந்து, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் பொருளாகிறது. பல்லாயிரம் சிறு கூறுகள் கோத்த நெடுஞ்சங்கிலிகளாகிய அதன் மூலக்கூறுகள் இழுக்கும்போது ஒழுங்குபட்டு நிற்கின்றன. விட்டவுடன் பழைய தாறுமாறுக்குத் திரும்புகின்றன. இன்று பந்திங் வட்டாரத்தில் செம்பனையே மிகுதி. ஆயினும் பாட்டனும் பாட்டியும் நாள்தோறும் தொட்ட பொருளில் இத்தனை அதிசயம் இருந்ததை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். மருட்கையை அறிவு நிரம்பாத நிலையோடு சேர்த்தே தொல்காப்பியர் பேசுகிறார். அப்படியானால் அறிவு நிரம்பிவிட்டால் வியப்பு செத்துவிடாதோ? மின்மினிகளின் கதை இதற்கு மறுமொழி கூறும். சிலாங்கூர் ஆற்றங்கரையில், கோல சிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில், பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் திரளாகக் கூடி ஒரே தாளத்தில் ஒளிவிடுகின்றன. சம்பானில் ஏறி இருளில் சென்று காண்போர் வாயடைத்துப் போகின்றனர். இத்தகைய காட்சியைச் சயாமில் கண்டு 1690இல் எழுதிவைத்தார் கெம்ப்பர் என்னும் ஜெர்மானியர். மேனாட்டார் பலர் நெடுங்காலம் இதை நம்பவில்லை. பார்ப்பவரின் இமை துடிப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று 1917இல் விஞ்ஞான இதழ் ஒன்றில் ஒருவர் எழுதினார்! 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்து சென்று, பூச்சிகளைப் பிடித்துவந்து பாங்காக் விடுதியின் இருட்டறையில் பறக்கவிட்டனர். தாறுமாறாக ஒளிவிட்டவை சிறிது நேரத்தில் இரண்டும் மூன்றுமாகத் தாளம் சேர்ந்தன. 1990இல் மிரோல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் இரு கணித அறிஞர், ஒவ்வொன்றும் மற்றவற்றின் ஒளிக்கேற்பத் தன் துடிப்பைச் சிறிது திருத்திக்கொண்டாலே, தலைவன் இல்லாமல் எல்லாம் ஒன்றுபட முடியும் என்று நிறுவினர். நடத்துநர் இல்லாத இசைக்குழு! புதிர் அவிழ்ந்தது, காட்சி சிறுக்கவில்லை. அறிந்தவனுக்கு அது முன்னினும் பெரிது.

அறிவும் வியப்பும் ஓருள்ளத்தில் வாழ்ந்ததற்குத் தமிழரிலேயே சான்று சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே விண்மீன்களின் முடிவு பற்றிய கணக்கைத் தொடங்கியவர். 1983இல் நோபல் பரிசு பெற்றவர். தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். 1963இல் கெர் என்பவர் கண்ட சமன்பாட்டுத் தீர்வு, வானிலுள்ள கருந்துளைகளை அப்படியே விவரிக்கிறது என்று உணர்ந்ததைத் தம் ஆராய்ச்சி வாழ்வையே உலுக்கிய அனுபவமாக 1975ஆம் ஆண்டுச் சிகாகோச் சொற்பொழிவில் கூறினார். அழகின் முன் நடுக்கம் என்ற பொருள்படப் பேசிய அப்பேச்சில் ஓர் அடியாரின் உருக்கம் இருக்கிறது.

எல்லோர்க்கும் இது வாய்க்குமா என்பது வேறு கேள்வி. எல்லையற்ற கடலோடு ஒன்றிய உணர்வைப் பற்றி ரோமெய்ன் ரோலந்து 1927இல் பிராய்டுக்கு எழுதியபோது, அத்தகைய உணர்வு தம்மிடம் காணப்படவில்லை என்று 1930இல் வெளிவந்த நூலில் பிராய்டு ஒளிவின்றிச் சொன்னார். ஆனால் பயிற்சியால் கூர்மைப்படுவது ஒன்று உண்டு, அது கவனம். மூச்சு வருவதையும் போவதையும் வெறுமனே கவனித்திருக்கும் முறையைப் பௌத்தர் நெடுங்காலமாகப் பேணி வருகின்றனர். மறுபிறப்பை ஏற்காதவனும் மூச்சைக் கவனிக்கலாம். அதற்கு எந்தத் தெய்வத்தின் அனுமதியும் வேண்டுவதில்லை. 1979இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் இம்முறையைச் சமயச் சார்பின்றி நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்.

கோயிலிடம் மட்டும் இருக்கும் வலிமை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது நாள் குறிக்கிறது; ஊரைக் கூட்டுகிறது. தனியே வியப்பவனுக்குத் தைப்பூசம் இல்லை, துணையும் குறைவு. எனினும் நாட்காட்டி அடியோடு இல்லாமற் போகவில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்து ஓரிரு நாட்களில் மோரிப்பில் கடல் மிக உயர்ந்து, மிகத் தாழ்ந்து வற்றுகிறது. எந்த நாள், எந்த மணி என்பதை ஓத அட்டவணை முன்கூட்டியே அச்சிட்டுச் சொல்கிறது. பந்திங்கிலிருந்து அங்கே செல்வதும் சிறு தொலைவுதான். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம்.