இருட்டில் ஒரு கண்ணாடி மாயம்!

குட்டீஸ், மந்தாரக்குப்பம் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்குள்ள நெய்வேலிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். அதை எரித்து, நீரை ஆவியாக்கி, மின்சாரம் தயாரிக்கிறார்கள்.

எரிவது ஒரு வேதிவினை. மூலக்கூறில் அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் ஸ்பிரிங் போல எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். சூடாக்கினால் அதிர்வு வலுத்துப் பிணைப்பு அறும். புதிய பொருள் பிறக்கும்.

சூட்டை மாற்றாமல் வினையின் வேகத்தை மாற்ற முடியுமா? பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் தாமஸ் எபசன் குழு முயன்றது. நம் நாட்டு விஞ்ஞானிகள் அனூப் தாமஸ், ஜினோ ஜார்ஜ் இருவரும் அதில் இருந்தனர்.

எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள். இடைவெளி, தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதற்குள் ரசாயனத் திரவம். விளக்கே போடவில்லை! ஆனால், இருட்டிலும் ஒளியின் மெல்லிய அதிர்வு ஓயாது என்கிறது குவாண்டம் இயற்பியல். இடைவெளியைச் சரியாக அமைத்தால் அந்த அதிர்வும் பிணைப்பின் அதிர்வும் ஒத்துப்போய், கைகோத்துக்கொள்ளும்.

கொடி போல ஒரு கயிற்றைக் கட்டி, அதில் ஒரே நீள நூல்களில் இரண்டு கற்களைத் தொங்கவிடுங்கள். ஒன்றை ஆட்டினால் சற்று நேரத்தில் மற்றதும் ஆடும். அதுபோலத்தான் இதுவும்!

2016இல், சிலிக்கன்–கார்பன் பிணைப்பு அறும் வினை இப்படி 5.5 மடங்கு வரை மெதுவானது. 2019இல், ஒரே மூலக்கூறில் எந்தப் பிணைப்பு அதிகம் அறும் என்பதையே மாற்றிக் காட்டினார்கள். இது கைவந்தால், வேண்டிய பொருளை மட்டும் தயாரிக்கலாம், கழிவு குறையும்.

ஆனால், வேறு ஆய்வகங்களில் இதுபோன்ற சில சோதனைகள் பலிக்கவில்லை. காரணம் பற்றிய விவாதமும் ஓயவில்லை. விடை காணும் வேலை உங்களுக்கும் காத்திருக்கிறது!